பாதி கோப்பில், பாதி என்ஜினில்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996 ஜூனில் வெளியிட்ட ‘குவேக்’ விளையாட்டின் அரக்கர்களும் துப்பாக்கிகளும் எம்டிஎல் என்ற வகைக் கோப்புகளில் இருக்கின்றன. அப்படி ஒரு கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதலில் ஐ, டி, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். அடுத்து 6 என்ற பதிப்பு எண். தலைப்புப் பகுதி மொத்தம் 84 பைட். எத்தனை முனைகள், எத்தனை முக்கோணங்கள், எத்தனை அசைவுச் சட்டங்கள் என்ற கணக்கெல்லாம் அதற்குள் வரிசையாக இருக்கும். நிரல் எழுதப் பழகிய ஒருவர் இதைப் படிக்கும் நிரலைச் சில நாட்களில் எழுதிவிடலாம். ஆனால் படித்ததை அப்படியே திரையில் வரைந்தால் 1996-ல் விளையாடியவர்கள் கண்ட அரக்கன் வரமாட்டான். நிறம் மாறியிருக்கும், முதுகில் படம் தவறாக ஒட்டியிருக்கும், ஒளி படும் விதமும் வேறாக இருக்கும்.

கோப்பில் குறை எதுவும் இல்லை. அது தனித்து நிற்கும் பொருளே அல்ல. தன்னை வாசித்து விளையாட்டை இயக்கப்போகும் நிரலான என்ஜினுக்கு இன்னின்ன செய்திகள் முன்பே தெரியும் என்று நம்பி எழுதப்பட்ட பாதிக் குறிப்பு அது. வீடியோ கேம் மாடல்களின் கோப்பு வடிவங்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் அறிவை ஒருசேரப் பார்த்தால், அதில் பெரும்பகுதி அந்த இன்னொரு பாதியைத் தேடிய கதையாகவே இருக்கிறது.

முப்பரிமாண மாடலின் உள்ளடக்கம் எளிமையானது. முனைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல். எந்த மூன்று முனைகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம் என்று ஒரு பட்டியல். மேலே போர்த்தும் படத்தின் எந்தப் புள்ளி எந்த முனையில் ஒட்டும் என்று ஒரு பட்டியல். இவற்றோடு அசைவு. இந்த நான்கையும் 1996-ன் கணினி நினைவகத்துக்குள் அடக்க குவேக் செய்த சிக்கனங்கள்தான் சிக்கலைக் கொண்டுவந்தன.

ஒரு முனையின் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் தேவை. வழக்கமான முறையில் எண்ணுக்கு 4 பைட் வீதம் 12 பைட் ஆகும். குவேக் எண்ணுக்கு 1 பைட்தான் தருகிறது. 0 முதல் 255 வரையுள்ள அந்த எண்ணைத் தலைப்பில் உள்ள பெருக்கியால் பெருக்கி, அங்கேயே உள்ள இடப்பெயர்ச்சியைக் கூட்டினால் உண்மையான இடம் கிடைக்கும். ஒவ்வொரு திசையிலும் 256 படிகள் மட்டுமே என்பதால், உருவம் மெதுவாக அசையும்போது முனைகள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும். மேற்பரப்பு முழுதும் நடுங்குவதுபோல் இருக்கும். குவேக்கை விளையாடியவர்களுக்கு அந்த நடுக்கம் அரக்கர்களின் இயல்பாகவே மனத்தில் பதிந்துவிட்டது.

ஒவ்வொரு முனைக்கும் நான்காவதாக இன்னொரு பைட் உண்டு. ஒளி எவ்வளவு விழும் என்று கணக்கிட, மேற்பரப்பு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று தெரியவேண்டும். அந்தத் திசையை எழுதி வைக்காமல், 162 திசைகள் கொண்ட ஓர் அட்டவணையில் எத்தனையாவது திசை என்ற எண்ணை மட்டும் கோப்பு சொல்கிறது. அட்டவணை கோப்பில் இல்லை, என்ஜினின் மூல நிரலில் இருக்கிறது. நிறத்துக்கும் இதே கதிதான். போர்த்தும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரிசை எண் மட்டுமே உண்டு. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது 768 பைட் அளவுள்ள தனிக் கோப்பில் இருக்கிறது. அந்த 256 நிறங்களில் கடைசி 32 நிறங்கள் இருட்டிலும் மங்காமல் ஒளிரவேண்டும். இதையும் மாடல் கோப்பு எங்கும் சொல்வதில்லை.

படம் ஒட்டும் முறையில் இன்னும் ஒரு நுட்பம். உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும், தைக்கும் முன் விரித்துப்போட்ட சட்டைத் துணிபோல, ஒரே படத்தில் பக்கம் பக்கமாக வரையப்பட்டிருக்கும். இரு பக்கமும் சேரும் தையல் கோட்டில் உள்ள முனை இரண்டிலும் வரவேண்டும். இடத்தை மிச்சப்படுத்த அதை ஒரே முறை எழுதி, ‘இது தையலில் உள்ளது’ என்று ஒரு குறி மட்டும் வைத்தார்கள். பின்பக்க முக்கோணத்துக்கு அந்த முனையைப் பயன்படுத்தும்போது படத்தின் அகலத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த விதியை அறியாத நிரல், முதுகு முக்கோணங்களின் மேல் முன்பக்கப் படத்தை இழுத்துப் பூசிவிடும்.

அசைவைப் பொறுத்தவரை குவேக் எலும்புகளை அறியாது. ஒவ்வொரு சட்டத்திலும் எல்லா முனைகளின் இடங்களும் முழுதாகத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். விநாடிக்குப் பத்துச் சட்டங்கள் வீதம் உருவம் தாவித் தாவி நகரும். பின்னாளில் ஆர்வலர்கள் எழுதிய என்ஜின்கள் இரு சட்டங்களுக்கு இடையே கணக்கிட்டு அசைவை வழுவழுப்பாக்கின. உடனே எதிர்பாராத கோளாறு ஒன்று முளைத்தது. துப்பாக்கி வெடிக்கும்போது தோன்றும் தீப்பொறியும் அதே மாடலின் ஒரு பகுதிதான். சுடாத சட்டங்களில் அதன் முனைகளைத் துப்பாக்கிக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார்கள். தாவும் அசைவில் பொறி சட்டென்று தோன்றி மறைந்தது. இடைக்கணக்கு போட்டதும் அது துப்பாக்கியின் உள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தது. விநாடிக்குப் பத்துத் தாவல் என்பது வன்பொருளின் வரம்பு மட்டுமல்ல, அந்த மாடலைச் செய்த கலைஞர் நம்பிச் சாய்ந்திருந்த விதியும்கூட. அதை மேம்படுத்துவதாக எண்ணி மாற்றியவர்கள் அவருடைய வேலையைத்தான் கலைத்தார்கள். இதற்கெனத் தனி விதிவிலக்குகளைப் பிறகு எழுத வேண்டியிருந்தது.

இந்த விவரங்களை இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், 1999 டிசம்பரில் குவேக்கின் மூல நிரல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிடப்பட்டதுதான். ஐடி சாஃப்ட்வேரின் நிரலாளர் ஜான் கார்மாக் முன்னின்று செய்த இத்தகைய வெளியீடுகள், 2001-ல் ‘குவேக் 2’, 2005-ல் ‘குவேக் 3’, 2011-ல் ‘டூம் 3’ என்று தொடர்ந்தன. ஒரு நிறுவனத்தின் மாடல் வடிவங்கள் எப்படி வளர்ந்தன என்பதை மூலத்தை வைத்தே படிக்க இவ்வளவு நல்ல வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது.

அந்த வளர்ச்சியில் ‘குவேக் 2’-ன் எம்டி2 சிறு திருத்தம்தான். பெருக்கியையும் இடப்பெயர்ச்சியையும் சட்டத்துக்குச் சட்டம் தனித்தனியே கொடுத்து நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது. 1999-ல் வந்த ‘குவேக் 3’-ன் எம்டி3 முனையின் எண்களுக்கு 2 பைட் தந்தது. எடுத்த எண்ணை 64-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். விளையாடுபவர் இயக்கும் உருவத்தின் உடல் அதில் கால், மார்பு, தலை என்று மூன்று கோப்புகளாகப் பிரிந்தது. எங்கே எதைப் பொருத்துவது என்பதைக் கண்ணுக்குத் தெரியாத பொருத்துப்புள்ளிகள் சொல்லும். ஓடிக்கொண்டே மேலுடலைத் திருப்பிச் சுட முடிந்தது இதனால்தான். எந்தச் சட்டம் முதல் எந்தச் சட்டம் வரை ஓட்டம், எது சாவு என்ற செய்தி மட்டும் இன்னொரு உரைக்கோப்பில் இருந்தது. மேற்பரப்பு மின்னவேண்டுமா, ஓடவேண்டுமா, ஊடுருவித் தெரியவேண்டுமா என்பதெல்லாம் வேறோர் உரைக்கோப்பில்.

எலும்புகள் வந்ததும் கேள்வியே மாறிவிட்டது. குவேக்கின் என்ஜினை உரிமம் பெற்று மாற்றியமைத்து வால்வ் நிறுவனம் 1998-ல் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்’, ஒவ்வொரு முனையையும் ஓர் எலும்போடு கட்டிவைத்தது. எலும்பு அசைந்தால் முனையும் அசையும். 2004-ல் வந்த ‘டூம் 3’-ன் எம்டி5 இன்னும் மேலே போனது. அதில் முனைக்கு இடம் என்ற ஒன்றே கிடையாது. ‘இந்த எலும்பிலிருந்து பார்த்தால் இங்கே, இவ்வளவு பங்கு, அந்த எலும்பிலிருந்து பார்த்தால் அங்கே, இவ்வளவு பங்கு’ என்ற எடைகள் மட்டுமே உண்டு. எல்லாவற்றையும் பங்குக்கேற்பக் கூட்டினால்தான் முனை பிறக்கும். எம்டி5 வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம். அப்படியிருந்தும் எலும்பின் திருப்பத்தைக் குறிக்கும் நான்கு எண்களில் மூன்றுதான் எழுதப்பட்டிருக்கும். நான்காவதை மற்ற மூன்றிலிருந்து கணக்கிட வேண்டும். அது நேர்க்குறியா எதிர்க்குறியா என்பதையும் கோப்பு சொல்லாது. ஒரு வடிவம் மனிதர் வாசிக்கும்படி இருப்பதும் அது முழுமையாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை.

இந்தத் துறையில் பழகியவர்கள் திரையில் வரும் பிழையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். உருவம் நிற்காமல் தரையில் சாய்ந்து கிடக்கிறதா? கோப்பில் மேல்நோக்கிய அச்சு இஸட், வரையும் நிரலில் ஒய். குவேக் வழிவந்தவற்றில் இது வழக்கம். வலக்கையில் இருக்கவேண்டிய வாள் இடக்கையில் இருக்கிறதா? இடக்கை ஆயமுறைக்கும் வலக்கை ஆயமுறைக்கும் இடையே மாற்ற மறந்திருக்கிறார்கள். உடல் உள்வெளியாகத் திரும்பி முதுகின் உட்புறம் தெரிகிறதா? முக்கோண முனைகளைச் சுற்றும் திசை மாறியிருக்கிறது. கண் இருக்கும் இடத்தில் காலணி தெரிந்தால் படத்தின் மேல்கீழ் புரண்டிருக்கிறது. கைகால்கள் ஒரு புள்ளியில் சுருண்டு நட்சத்திரமாக வெடித்துக் கிடந்தால் எலும்புகளின் அணிகளைத் தவறான வரிசையில் பெருக்கியிருக்கிறார்கள், அல்லது மாடல் முதலில் எந்த நிலையில் கட்டப்பட்டது என்பதைக் கழிக்க மறந்திருக்கிறார்கள். இவற்றில் எதையும் கோப்பை மட்டும் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வரைந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் படிப்பதையும் வரைவதையும் இரண்டு வேலைகளாகப் பிரிப்பதை நான் ஏற்பதில்லை.

கன்சோல்களுக்கு வந்தால் ‘கோப்பு வடிவம்’ என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. நின்டெண்டோ 64-ல் மாடல் என்று தனியே ஒன்று பெரும்பாலும் இல்லை. கிராபிக்ஸ் செயலிக்கு நேரடியாக இடும் கட்டளைகளின் வரிசை உண்டு, அவ்வளவுதான்: இந்த முனைகளை ஏற்று, இந்த மூன்றைச் சேர்த்து முக்கோணம் வரை, இந்தப் படத்துக்கு மாறு, முடி. ‘சூப்பர் மாரியோ 64’ காலத்து நுண்கட்டளைத் தொகுப்பில் ஒரு நேரத்தில் 16 முனைகளே செயலிக்குள் இருக்க முடியும். ‘முனை 3’ என்றால் அந்தக் கணத்தில் ஏற்றப்பட்டுள்ள முனைகளில் மூன்றாம் எண்ணுள்ளது என்று பொருள். சில கட்டளைகள் தாண்டினால் அதே எண் வேறு முனையைக் குறிக்கும். அந்த எண்களும் பத்தால் பெருக்கி எழுதப்பட்டிருக்கும். நினைவக முகவரிகளில் முதல் பைட் ஒரு பகுதியின் எண்ணாக இருக்கும். எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பதை விளையாட்டு ஓடும்போதுதான் தீர்மானிக்கிறது. ஆக, மாடலைப் படிக்க விரும்புகிறவர் அந்தச் செயலியைப்போல் ஒவ்வொரு கட்டளையாக நடத்திப் பார்க்க வேண்டும். குவேக்கில் பாதி என்ஜினில் இருந்தது என்றால் இங்கே ஏறக்குறைய முழுதும் அங்கேதான்.

சோனியின் முதல் பிளேஸ்டேஷனுக்கு டிஎம்டி என்ற வடிவத்தை சோனியே வரையறுத்துக் கொடுத்திருந்தது. முனைகளைப் படிப்பது அதில் கடினமல்ல. வரைவதில்தான் பெரிய கேள்வி வருகிறது. அந்த வன்பொருளில் ஆழத்தை நினைவில் வைக்கும் இஸட்-பஃபர் கிடையாது. முக்கோணங்களைத் தொலைவுக்கேற்ப வரிசைப்படுத்தி, பின்னால் உள்ளதை முதலில் வரைந்தார்கள். திரையில் முனைகள் முழு எண் புள்ளிகளில் மட்டுமே விழும். அதனால் கோணங்கள் துடிக்கும். படத்தைப் போர்த்தும்போது தொலைவுக்கான திருத்தம் செய்யப்படாது. அதனால் தரையின் கட்டங்கள் வளைந்து நெளியும். இன்றைய கிராபிக்ஸ் கார்டில் அதே மாடலை வரைந்தால் இவை எதுவும் இருக்காது. எது சரியான வரைவு? கலைஞர் அந்த நெளிவைப் பார்த்துப் பார்த்துத்தான் பெரிய பரப்புகளைச் சிறு முக்கோணங்களாக உடைத்தார். நெளிவு இல்லாத வரைவில் அந்தச் சிறு முக்கோணங்கள் எதற்கென்றே புரியாது. ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் வன்பொருளின் பழக்கங்களோடு வரைவதே முதன்மையாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து. தூய்மையான வரைவு அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

மூல நிரலும் இல்லை, ஆவணமும் இல்லை என்றால் என்ன வழி? ஆர்வலர்கள் பொறுமையாக வளர்த்த கலை இங்கேதான் இருக்கிறது. 1.0 என்ற பின்ன எண் 00, 00, 80, 3எஃப் என்ற நான்கு பைட்டுகளாகக் கிடக்கும். சில கன்சோல்களில் இதே வரிசை தலைகீழாக இருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் இது அடிக்கடி கண்ணில் பட்டால் அங்கே பின்ன எண்கள் இருக்கின்றன. அடுத்தடுத்த மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் 1 வருகிறதா? அது மேற்பரப்புத் திசை. எல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையே இணை இணையாக வந்தால் படம் ஒட்டும் புள்ளிகளாக இருக்கலாம். சிறு முழு எண்கள் நெருக்கமாக ஏறி இறங்கி வந்தால் முக்கோணப் பட்டியல்; அதன் மிகப்பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் பொதுவாக முனைகளின் எண்ணிக்கை கிடைக்கும், அதைத் தலைப்பில் தேடலாம். ஒரு முனைக்கு எத்தனை பைட் என்று ஊகித்து, முக்கோணங்களை மறந்துவிட்டு வெறும் புள்ளிகளாக வரைவது நல்ல தொடக்கம். ஊகம் தவறென்றால் புகைமண்டலம் வரும். சரியென்றால் புள்ளிகளுக்குள் ஒரு தோள், ஒரு முகம் தெரியத் தொடங்கும். இந்த வேலையில் ஈடுபட்ட எவருக்கும் அந்தக் கணத்தின் மகிழ்ச்சியை விளக்கத் தேவையில்லை.

சுருக்குவழி ஒன்றும் உண்டு. விளையாட்டை ஓடவிட்டு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் தரவை நடுவில் பிடிப்பது. ரெண்டர்டாக் போன்ற கருவிகளால் இது முடியும். ஆனால் இப்படிப் பிடித்தது பெரும்பாலும் அந்தக் கணத்தில் உறைந்த உருவம். எலும்புகளின் பெயர்கள், மற்ற அசைவுகள், திரையில் அப்போது தேவைப்படாத பகுதிகள் எதுவும் வராது. ஒரு கோப்பைப் பற்றிய ஊகம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இது மிக நல்ல துணை. கோப்பைப் புரிந்துகொண்டதற்கு மாற்றாக இதை ஏற்க முடியாது.

ஆவணம் கையில் இருந்தும் போதாமல் போகும் இடங்களும் உண்டு. கிரைடீரியன் நிறுவனத்தின் ரெண்டர்வேர் என்ற என்ஜின், ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ முதல் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ வரை பயன்பட்டது. அதன் டிஎஃப்எஃப் கோப்பு கண்ணிகளால் ஆனது. ஒவ்வொரு கண்ணிக்கும் வகை, அளவு, பதிப்பு என்று 12 பைட் தலைப்பு. தெரியாத கண்ணி வந்தால் அளவைப் பார்த்துத் தாண்டிவிடலாம். மிக நேர்த்தியான ஏற்பாடு இது. ஆனால் 2004-ல் வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’ கட்டடங்களுக்கு இரவு நேர நிறங்களை அப்படியொரு கூடுதல் கண்ணியில் வைத்தது. பொதுவான ரெண்டர்வேர் வாசிப்பான் அதைப் பிழையே காட்டாமல் தாண்டிப் போகும். நகரம் எப்போதும் பகலாகவே இருக்கும். பிழை காட்டி நிற்கும் நிரலைவிட, இப்படிச் சத்தமில்லாமல் தவறவிடும் நிரல்தான் அதிகம் ஏமாற்றும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மாடல்கள் அவற்றைச் செய்தவர்களின் காப்புரிமைக்கு உட்பட்டவை. அவற்றை எடுத்து விற்பதோ பரப்புவதோ வேறு விஷயம். கோப்பு எப்படி அமைந்திருக்கிறது என்ற அறிவின் நிலை வேறு. 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம் எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் வழக்கில், தரவுக் கோப்புகளின் வடிவம் கணினி நிரல் காப்புரிமையின் கீழ்ப் பாதுகாக்கப்படும் வெளிப்பாடு அல்ல என்று தீர்ப்பளித்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், நிரலை முறைப்படி வைத்திருப்பவர் வேறு நிரலோடு இயைந்து இயங்கத் தேவையான, வேறு வழியில் எளிதில் கிடைக்காத தகவலைப் பெறுவதற்கு இடம் தருகிறது. நிரலையே திரும்ப எழுதும்போது நிலைமை கடுமையாகிறது: ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’-ன் நிரலை மறுஉருவாக்கம் செய்தவர்கள் மீது அந்த விளையாட்டின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021-ல் வழக்குத் தொடர்ந்தது. என்ஜின் இல்லாமல் கோப்பு பாதிதான் என்றால், இந்த எல்லைக்கோடு ஆவணக் காப்பு வேலையின் நடுவிலேயே ஓடுகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் ஒரு பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானதே. வேவ்ஃபிரண்டின் ஓபிஜே எளிய உரைக்கோப்பு, எலும்பு தெரியாது. எஃப்பிஎக்ஸ் தொழில்துறையில் பரவலானது. ஆட்டோடெஸ்க்கின் தனி உடைமை, அதன் பைனரி அமைப்பைப் பிளெண்டர் குழுவினர் தாமே ஆராய்ந்து 2013-ல் எழுதி வைத்தார்கள். க்ரோனோஸ் அமைப்பின் ஜிஎல்டிஎஃப் 2.0 பதிப்பு 2017-ல் வந்தது, 2022-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அளவு மீட்டரில், மேல்நோக்கிய அச்சு ஒய், ஆயமுறை வலக்கை என்று அது தன் விதிகளை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. என்ஜின் முன்பே அறிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதை இவ்வளவு குறைத்த பொது வடிவம் வேறில்லை. அதனால்தான் அதை நான் மதிக்கிறேன். ஆனால் நின்டெண்டோ 64-ன் வண்ணக் கலப்பை, குவேக் 3-ன் ஓடும் மேற்பரப்பை, விநாடிக்குப் பத்துத் தாவல் என்ற விதியை அதன் சொற்களில் முழுதாகச் சொல்ல முடியாது. பயன்படுத்த மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப்போடக் கூடாது.

நோகிளிப் என்ற திட்டம் வேறு வழியில் போகிறது. பழைய விளையாட்டுகளின் காட்சிகளை உலாவியிலேயே வரைந்து காட்டும் அது, பொது வடிவத்துக்கு மாற்றுவதை நம்பாமல், விளையாட்டுக்கு விளையாட்டு தனி வாசிப்பானும் தனி வரைவு முறையும் எழுதுகிறது. கேம்கியூப் வன்பொருள் மேற்பரப்பின் நிறத்தை 16 கட்டங்கள் வரை கூட்டியும் பெருக்கியும் உருவாக்கும். அந்த ஏற்பாடு மாடல் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்கேற்ற நிரலை அந்தக் கணமே ஆக்கித் தருகிறது நோகிளிப். உழைப்பு மிக அதிகம். ஆனால் கோப்பையும் என்ஜினின் அறிவையும் சேர்த்தே காப்பாற்றும் முறை இது ஒன்றுதான்.

புதிய விளையாட்டுகளில் இது எளிதாகவில்லை. மேற்பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிப்பவை இப்போது முன்கூட்டியே தொகுக்கப்பட்ட ஷேடர் நிரல்கள். கலைஞர் அவற்றுக்கு வைத்த பெயர்களும் இணைப்புகளும் வெளியீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. அன்ரியல் என்ஜினின் பிற்காலப் பதிப்புகளில் வரும் விளையாட்டுகள் பல, ஒரு பொருளின் பண்புகளைப் பெயரில்லாமல், வரிசையை மட்டும் நம்பி எழுதுகின்றன. எந்த இடத்தில் உள்ளது எந்தப் பண்பு என்ற விளக்கம் விளையாட்டின் நிரலுக்குள் இருக்கிறது. எஃப்மாடல் போன்ற கருவிகளால் அத்தகைய கோப்புகளைத் திறக்க, ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டிலிருந்து அந்த விளக்கத்தைப் பிரித்தெடுத்த தனிக் கோப்பு ஒன்று தேவை. விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு வரிசை மாறினால் அதையும் புதிதாக எடுக்க வேண்டும். சர்வரை நிறுத்தி இயங்கவிடாமல் செய்த ஒரு விளையாட்டுக்கு அதை எடுக்க வழியில்லை.